‘ஸ்பேர் வரலை சார்’ என்றால் என்ன அர்த்தம்?

கேள்வி: என்னிடம் 350 சிசி பைக் இருக்கிறது. வாங்கி இரண்டரை வருடம், 21,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. மூன்று வருட வாரண்டியில் ஆறு மாதம் பாக்கி. சிலிண்டர் ஹெட் பக்கம் ஆயில் கசிந்தது, கிளட்சும் ஸ்லிப் ஆனது. மே 12 அன்று ஷோரூம் சர்வீஸில் விட்டேன். மூன்று நாளில் தருவதாகச் சொன்னார்கள். இன்று 31. எப்போது கேட்டாலும் ‘ஸ்பேர் வரலை சார், நாளைக்கு வந்துடும்’ என்ற ஒரே பதில்தான். ஜூன் 24 அன்று நானும் மூன்று நண்பர்களும் ரயிலில் டெல்லி போய், அங்கிருந்து மணாலி வழியாக லே வரை ஓட்டுவதாகத் திட்டம். வண்டிகளையும் அதே ரயிலில் ஏற்றுகிறோம். லீவு சொல்லியாகிவிட்டது, டிக்கெட்டும் எடுத்தாகிவிட்டது. சண்டை போடுவதா, வண்டியை வெளியே எடுத்து வேறு மெக்கானிக்கிடம் கொடுப்பதா, நுகர்வோர் கோர்ட்டுக்குப் போவதா? வழி சொல்லுங்கள் அண்ணா.
– வாசகர், திருச்சி

பதில்:

வணக்கம் தம்பி. நீங்கள் பத்தொன்பது நாளாகக் கேட்டுக்கொண்டிருக்கும் அந்த வசனத்தைப் பதினோரு வருடம் சொல்லிச் சம்பளம் வாங்கியவன் நான். சேலத்தில் ஒரு ஷோரூமில் சர்வீஸ் அட்வைசராக இருந்தேன். இப்போது சொந்தப் பட்டறை. ‘ஸ்பேர் வரலை’ என்பது எப்போதும் பொய் இல்லை. எப்போதும் உண்மையும் இல்லை. உங்கள் வண்டி எதற்காக நிற்கிறது என்று கவுன்டரில் இருப்பவருக்கே தெரியாதபோது வாயில் முதலில் வருவது அதுதான்.

ஹெட் கேஸ்கெட்டும் (ஹெட் சேரும் இடத்தில் ஆயில் கசியாமல் அடைக்கும் தகடு) கிளட்ச் பிளேட்டும் மாற்றுவது ஒரு கைதேர்ந்த மெக்கானிக்குக்கு ஒரு நாள் வேலை. தாராளமாகப் போட்டாலும் ஒன்றரை நாள். மீதி நாளெல்லாம் உங்கள் வண்டியை யாரும் தொடவில்லை. அது எதற்கோ காத்துக் கிடக்கிறது. பார்ட்டுக்கா, வாரண்டி அனுமதிக்கா, ஆளுக்கா? அதைக் கண்டுபிடிப்பதுதான் இப்போது உங்கள் வேலை. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. தெரியாமல் சத்தம் போட்டால் அன்றைக்கு ஒரு டீ கிடைக்கும், வண்டி கிடைக்காது.

உள்ளே என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். எங்களிடம் வண்டியை ஏற்றி வேலை பார்க்கும் ராம்ப் நான்கு இருந்தன. திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் இருபது, இருபத்தைந்து வண்டி வந்துவிடும். பாதிக்கு மேல் ஃப்ரீ சர்வீஸும் ஆயில் மாற்றுவதும்தான். அந்த மாதிரி வண்டி ஏறி ஒன்றரை மணி நேரத்தில் இறங்கிவிடும், சாயங்காலம் பில் போட்டு அனுப்பலாம். இன்ஜின் வேலை ஏறினால் ராம்ப் நாள் முழுக்க அடைபட்டுவிடும். அதனால் என்ன செய்வோம் தெரியுமா? ஹெட்டைக் கழற்றிப் பார்ப்போம். கேஸ்கெட் ஸ்டாக்கில் இல்லை என்று தெரிந்ததும், கழற்றிய போல்ட்டையெல்லாம் ஒரு டிரேயில் கொட்டி, ஜாப் கார்டு (வண்டிக்குப் போடும் வேலைச் சீட்டு) நம்பரை மார்க்கரில் எழுதி, வண்டியை வாட்டர் வாஷ் ஷெட்டுக்குப் பக்கத்துச் சுவரோரம் தள்ளிவிடுவோம். மேலே பழைய ஃப்ளெக்ஸ் பேனரைப் போட்டு மூடுவோம்.

அந்தச் சுவருக்குப் போன வண்டி ஆறின கஞ்சிதான். பிரித்த பையன் லீவில் போய்விட்டால் எந்த போல்ட் எங்கே என்று அடுத்தவனுக்குத் தெரியாது, அவன் தொடவும் மாட்டான். ஆர்டர் போட்ட பார்ட் வந்து மூன்று நாள் ஸ்டோர் ரேக்கில் தூங்கியதை, வாடிக்கையாளர் நேரில் வந்து நின்ற பிறகு ‘அட, வந்திருக்கே’ என்று எடுத்துக் கொடுத்திருக்கிறேன். இதைப் பெருமையாகச் சொல்லவில்லை.

ஆகவே போனை வைத்துவிட்டு நேரில் போங்கள். சனி, திங்கள் வேண்டாம். மற்ற நாளில் காலை பதினொன்றரை மணி வாக்கில் போங்கள். காலைக் கூட்டம் ஓய்ந்திருக்கும், சாயங்கால டெலிவரி நெரிசல் தொடங்கியிருக்காது. ‘எப்போ கிடைக்கும்?’ என்று மட்டும் கேட்காதீர்கள். அதற்குத்தான் அந்த ரெடிமேட் பதில் இருக்கிறது. ‘வண்டியைப் பார்க்கணும்’ என்று சொல்லுங்கள். சர்வீஸ் ஃப்ளோருக்குள் விடமாட்டோம் என்பார்கள். ‘பரவாயில்லை, உங்ககூடவே வர்றேன்’ என்று சொன்னால் பெரும்பாலும் கூட்டிப்போவார்கள். ஹெட் திறந்திருக்கிறதா, திறந்த வாயைத் துணியோ பிளாஸ்டிக்கோ போட்டு மூடியிருக்கிறார்களா, கழற்றிய சாமான் ஒரே இடத்தில் இருக்கிறதா என்று பார்த்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். வண்டியைத் திறக்கவே இல்லை என்றால் அதுவும் உங்களுக்கு நல்ல செய்திதான். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

அடுத்து பார்ட் நம்பர். எந்தெந்தப் பார்ட் வரவேண்டும், அவற்றின் நம்பர் என்ன, எந்தத் தேதியில் ஆர்டர் போட்டார்கள் என்று கம்ப்யூட்டரைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். ஆர்டர் தேதி மே 13 என்று திரையில் இருந்தால் அவர்கள் சொல்வது உண்மை, தாமதம் மேலிடத்தில். மே 28 என்று இருந்தால் பதினைந்து நாள் உங்கள் ஜாப் கார்டு யாருடைய டிராயரிலோ தூங்கியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று தெரிந்த நிமிடமே எதிரில் இருப்பவர் உட்காரும் விதம் மாறும். நான் அந்த நாற்காலியில் இருந்தவன், எனக்குத் தெரியும்.

ஆர்டரிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று ஸ்டாக் ஆர்டர்: மற்ற சாமான்களோடு சேர்ந்து மொத்தமாக வரும், அதன் முறை வரும்போதுதான் வரும். இன்னொன்றை வி.ஓ.ஆர். என்பார்கள், வண்டி ஓடாமல் நிற்கிறது என்று சொல்லிப் போடும் அவசர ஆர்டர். பெரும்பாலான கம்பெனிகளில் இந்த ஏற்பாடு இருக்கிறது, அந்தப் பார்ட் தனியாகக் கிளம்பி வரும். ஆனால் கேட்காவிட்டால் பல இடங்களில் போட மாட்டார்கள். ‘இது வி.ஓ.ஆர். ஆர்டரா, ஸ்டாக் ஆர்டரா?’ என்று ஒரு வார்த்தை கேளுங்கள்.

பார்ட் நம்பர் கையில் இருந்தால் இன்னொரு வசதி. தஞ்சாவூர், கரூர், மதுரை என்று பக்கத்து ஊர்களில் அதே கம்பெனியின் ஷோரூம்கள் இருக்கும். ஸ்பேர்ஸ் கவுன்டருக்கு போன் செய்து நம்பரைச் சொன்னால் இருக்கிறதா இல்லையா என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள். காசு கொடுத்து வாங்கும் பார்ட் என்றால் நீங்களே பஸ் ஏறிப் போய் வாங்கி வந்துவிடலாம். வாரண்டி பார்ட் என்றால் அப்படி முடியாது, உங்கள் ஷோரூம்தான் அந்த ஷோரூமிடம் கடன் கேட்க வேண்டும். அதுவும் நடக்கிற காரியம்தான், மாதத்துக்கு நாலைந்து தடவை நாங்களே செய்வோம்.

உங்கள் வண்டியில் இரண்டு வேலைகள் கலந்து கிடக்கின்றன. கேஸ்கெட் கசிவு வாரண்டியில் வரவேண்டிய சமாசாரம். கிளட்ச் பிளேட், பிரேக் பேட் மாதிரித் தேய்கிற சாமான்கள் பொதுவாக வாரண்டியில் வராது. உங்கள் புத்தகத்தில் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். வாரண்டி க்ளெய்ம் என்றால் போட்டோ, வீடியோ எடுத்துக் கம்பெனிக்கு அனுப்பி அனுமதி வாங்கவேண்டும். சில சமயம் ஏரியா சர்வீஸ் இன்ஜினியர் நேரில் பார்த்தால்தான் ஆகும், அவர் வருகிற நாள் வரை வண்டியைத் தொட மாட்டார்கள். இதையும் ‘ஸ்பேர் வரலை’ கணக்கில்தான் சேர்ப்போம். ‘க்ளெய்ம் போட்டாச்சா, அப்ரூவல் வந்தாச்சா, இன்ஜினியர் பார்க்கணுமா, எப்போ வர்றார்?’ என்று நேராகக் கேளுங்கள். அனுமதிதான் சிக்கல் என்றால் ஷோரூமில் நின்று பயனில்லை, கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்கு எழுத வேண்டும்.

கிளட்ச் பற்றி ஒரு சந்தேகம். பிளேட் தேய்ந்துவிட்டது என்று யார் முடிவு செய்தது? 21,000 கிலோமீட்டரில் தேயக்கூடாது என்று இல்லை, ஊர் டிராஃபிக்கில் கிளட்சை அமுக்கியபடியே ஓட்டுபவருக்குத் தேயும். ஆனால் என் பட்டறைக்கு ‘கிளட்ச் போச்சு’ என்று வந்த பல வண்டிகளில் கேபிளில் ஃப்ரீ ப்ளே இல்லாமல் இருந்ததுதான் குற்றம். லீவரில் கொஞ்சம் ஆட்டம் இல்லையென்றால் பிளேட் முழுசாகப் பிடிக்காது. இன்னொரு காரணம் ஆயில். கார் ஆயிலை ஊற்றிவிட்டு ஸ்லிப் ஆகிறது என்பார்கள். ஆயிலில் நனைந்தபடி வேலை செய்கிற கிளட்ச் இது, டப்பாவில் ஜாஸோ எம்.ஏ. அல்லது எம்.ஏ.2 என்று போட்டிருக்க வேண்டும். கேபிளையும் ஆயிலையும் பார்த்தார்களா என்று கேட்டுவிட்டுப் பிளேட்டுக்குப் பணம் கொடுங்கள்.

தேய்ந்தது உண்மைதான் என்றால் மாற்றாமல் மட்டும் போகாதீர்கள். திருச்சியில் கிளட்ச் ஸ்லிப் என்பது ஒரு எரிச்சல், அவ்வளவுதான். மணாலி – லே சாலையில் நீங்கள் ஏறப்போகும் தங்லங் லா 5,328 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் நம் ஊரில் இருப்பதில் பாதியை ஒட்டித்தான். இன்ஜெக்ஷன் வண்டி பெட்ரோலைத் தானே குறைத்துக்கொள்ளும், ஆனால் இல்லாத காற்றை எங்கிருந்து கொண்டுவரும்? இன்ஜின் இழுவை கிட்டத்தட்டப் பாதியாகிவிடும். இழுக்காத வண்டியை மூட்டையோடு ஏற்றும்போது எல்லோரும் செய்வது ஒன்றுதான்: ஃபர்ஸ்ட் கியரில் கிளட்சைப் பாதி பிடித்து ஆக்ஸிலரேட்டரை முறுக்குவது. அதே சாலையில் காட்டா லூப்ஸ் என்ற ஏற்றத்தில் 21 கொண்டை ஊசி வளைவு இருக்கிறது. ஏற்கெனவே தேய்ந்த பிளேட் அங்கே கருகும். வழியில் தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் போடும் இடத்தில் ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று ஒரு போர்டு, அதன் பக்கத்தில் நின்று படம் எடுக்காத ரைடரே கிடையாது. பெட்ரோலுக்கே அந்தக் கதி என்றால் கிளட்ச் பிளேட்டை எங்கே தேடுவீர்கள்?

இப்போது தேதிக்கு வருவோம். நீங்கள் ஜூன் 24ஐ மனதில் வைத்துக்கொண்டிருக்கிறீர்கள். ஷோரூமிலும் அதைத்தான் சொல்லியிருப்பீர்கள். தப்பு. 24ஆம் தேதி ரயில் என்றால் 23ஆம் தேதி வண்டி பார்சல் ஆபீஸில் நிற்க வேண்டும். டேங்கைக் காலி செய்து, சாக்கு சுற்றி, ஆர்.சி., அடையாள அட்டை நகல்களைக் கொடுத்து ரசீது வாங்கவே அரை நாள் போகும். திருச்சி வழியாக டெல்லி நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் என்றால் அது வாரத்துக்கு இரண்டே நாள், ஒன்றைத் தவறவிட்டால் அடுத்ததற்குக் காத்திருக்க வேண்டும். இன்ஜினைத் திறந்து மூடிய வண்டியைக் குறைந்தது 300 கிலோமீட்டராவது ஓட்டிப் பார்க்காமல் இமயமலைக்கு ஏற்றக் கூடாது. ஓட்டிப் பார்த்து ஏதாவது வந்தால் அதைச் சரிசெய்ய நாலு நாள். பின்னாலிருந்து எண்ணிக்கொண்டு வந்தால் ஜூன் 12 வருகிறது. அதுதான் உங்கள் தேதி. ஷோரூமில் சொல்லவேண்டியதும் அதுதான். 24 என்று சொன்னால் 23 ராத்திரி எட்டு மணிக்குத் தருவார்கள்.

ராத்திரி எட்டு மணி டெலிவரி எப்படி இருக்கும் என்று எனக்கு நன்றாகவே தெரியும். ஒரு வாடிக்கையாளர் மறுநாள் விடியற்காலை குடும்பத்தோடு பெங்களூர் போகவேண்டும் என்று கவுன்டரிலேயே நின்றார். பின் டயர் மாற்றும் வேலை. நான் உள்ளே போய் மெக்கானிக்கை விரட்டினேன், அவன் மாட்டிக்கொண்டிருந்த கையோடு இன்னொரு வண்டிக்கும் பதில் சொல்லிக்கொண்டிருந்தான். வண்டி போய்விட்டது. காலை ஆறரை மணிக்கு ஓமலூர் தாண்டி ரோட்டோரத்திலிருந்து போன். பின் சக்கரத்து ஆக்ஸில் நட் கையால் திருகும் அளவுக்கு லூஸ், செயின் ஒரு பக்கம் இழுத்துச் சத்தம் போட்டிருக்கிறது. அவர் நிறுத்திப் பார்த்ததால் தப்பித்தார். நான் வண்டியில் டூல் பாக்ஸோடு போய் டைட் செய்துவிட்டு, அந்த அம்மா முகத்தைப் பார்க்க முடியாமல் திரும்பினேன். பதறாத காரியம் சிதறாது என்று சும்மாவா சொன்னார்கள். அதனால்தான் சொல்கிறேன், கடைசி நாள் போய் நின்று மெக்கானிக்கை விரட்டாதீர்கள். விரட்டவேண்டியது இந்த வாரம், அதுவும் மெக்கானிக்கை இல்லை, ஆர்டரை.

நேரில் பார்த்துவிட்டு வந்த அன்றைக்கே ஒரு மெயில் போடுங்கள். ஷோரூம் சர்வீஸ் மேனேஜருக்கு அனுப்பி, கம்பெனி வாடிக்கையாளர் சேவைக்கும் நகல் வையுங்கள். அங்கே ஒரு புகார் எண் கொடுப்பார்கள், அது வந்ததும் ஷோரூமுக்கு மேலிடத்திலிருந்து கேள்வி வரும். நாங்கள் வாடிக்கையாளரின் கோபத்துக்குப் பயந்ததில்லை, அந்த எண்ணுக்குப் பயந்திருக்கிறோம். மெயிலில் உங்கள் வருத்தம், நண்பர்களின் லீவு, ‘இனிமேல் இந்தக் கம்பெனி வண்டியே வாங்க மாட்டேன்’ எதுவும் வேண்டாம். இப்படிப் போதும்: ‘வண்டி எண் இது, ஜாப் கார்டு எண் இது. மே 12 அன்று ஒப்படைத்தேன், மே 15 அன்று தருவதாகச் சொன்னீர்கள். இந்தப் பார்ட்டுக்காகக் காத்திருப்பதாக இன்று சொன்னீர்கள். ஆர்டர் போட்ட தேதி, வந்துசேரும் தேதி, க்ளெய்ம் நிலை ஆகியவற்றை எழுத்தில் தெரிவியுங்கள். ஜூன் 12க்குள் வண்டி வேண்டும். முடியாது என்றால் 5ஆம் தேதிக்குள் சொல்லிவிடுங்கள்.’ அந்தக் கடைசி வரி முக்கியம். ‘முடியாது’ என்று சொல்ல அவர்களுக்கு ஒரு வழி விட்டால்தான் உண்மை வெளியே வரும். இல்லையென்றால் ‘நாளைக்கு’ என்றுதான் வரும்.

நுகர்வோர் கோர்ட் பற்றிக் கேட்டீர்கள். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் சேவைக் குறைபாட்டுக்கு இடம் இருக்கிறது. நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயம் இல்லை, இரண்டு வருடத்துக்குள் கொடுத்தால் போதும். கோர்ட்டுக்கு முன்னால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்யலாம், காசு இல்லை. ஆனால் இதெல்லாம் நஷ்டத்தைப் பிறகு கேட்பதற்கான வழி. ஜூன் 12க்குள் வண்டியை வாங்கித் தருவதற்கு இல்லை. ஜாப் கார்டு, மெயில், தேதி போட்ட போட்டோக்கள் எல்லாவற்றையும் பத்திரமாக வையுங்கள். சண்டையை லேவிலிருந்து திரும்பிவந்து போடலாம்.

அப்புறம், வெளியே எடுத்துவிடலாமா என்ற கேள்வி. ஹெட் திறக்கப்படாமல் இருந்தால் நல்ல செய்தி என்று சொன்னேன் இல்லையா? அப்படியானால் உங்களுக்கு ஒரு வழி திறந்திருக்கிறது. கசிவு எவ்வளவு என்று பாருங்கள். சிலிண்டரைச் சுற்றியுள்ள ஃபின்களில் (பட்டைகளில்) ஈரமாக இருக்கிறது, தூசி ஒட்டுகிறது, தரையில் சொட்டவில்லை, 500 கிலோமீட்டருக்கு ஆயில் லெவல் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி இறங்கவில்லை என்றால் அது கசிவுதான், ஒழுக்கு இல்லை. கிளட்சை மட்டும் அங்கேயே முடித்துக்கொண்டு, அந்த ஈரத்தோடும் ஒரு லிட்டர் ஆயில் டப்பாவோடும் போய்வருவேன் நான். கேஸ்கெட்டைத் திரும்பி வந்து வாரண்டியிலேயே மாற்றலாம், இன்னும் மாதங்கள் இருக்கின்றன. கசிவு இருப்பதை இப்போதே ஜாப் கார்டில் எழுதிவாங்க மறக்காதீர்கள். ஊருக்குப் போகும் மாதத்தில் இன்ஜினைத் திறப்பது எனக்குப் பிடிக்காத காரியம், என் சொந்த வண்டியாக இருந்தாலும்.

திறந்துவிட்டார்கள் என்றால் கணக்கு வேறு. திறந்த இன்ஜினைக் குட்டியானையில் ஏற்றி வேறு பட்டறைக்குக் கொண்டுபோனால் வாரண்டி அங்கேயே முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். பாதி பேர் கழற்றியதை மீதிப் பேர் மாட்டுவதில் போல்ட் ஒன்று காணாமல் போனால்கூட யாரும் பொறுப்பேற்க மாட்டார்கள். என்னிடம் அப்படி வந்தால் நானே பெரும்பாலும் எடுப்பதில்லை. இன்னொன்று, செய்த வேலைக்குக் கூலி வரும்வரை வண்டியை வைத்துக்கொள்ளும் உரிமையை 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் பட்டறைக்காரருக்குக் கொடுத்திருக்கிறது. எனவே எடுப்பதாக இருந்தால், பிரித்ததற்கு எவ்வளவு என்று எழுதி வாங்கிக்கொண்டு, கொடுத்துவிட்டு எடுங்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு வருகிற வேலை வேண்டாம்.

12ஆம் தேதி சாயங்காலமும் வண்டி வரவில்லை என்றால் ஒரு முடிவு எடுங்கள், 13ஆம் தேதிக்குத் தள்ளாதீர்கள். உங்கள் பயணத்தை ரத்து செய்ய வேண்டியதில்லை, வண்டியை மட்டும் விட்டுவிட்டுப் போங்கள். மணாலியில் வாடகை பைக் கிடைக்கும். ஒரு விஷயம் மட்டும் முன்கூட்டியே தெரிந்திருக்கட்டும்: வெளியூர் வாடகை வண்டியை லேயைத் தாண்டி நுப்ரா, பாங்காங் பக்கம் ஓட்ட உள்ளூர் வாடகைக்காரர்கள் விடுவதில்லை. லே வரை மணாலி வண்டி, அங்கிருந்து சுற்ற லே வண்டி என்று இரண்டு வாடகை கணக்கில் வையுங்கள். சொந்த வண்டிக்கு அந்தத் தடை இல்லை. நண்பரின் வண்டியைக் கடன் வாங்குவதாக இருந்தால் ஆர்.சி., இன்ஷூரன்ஸ், புகைச் சான்றிதழோடு உரிமையாளரின் அனுமதிக் கடிதமும் பையில் இருக்கட்டும்.

வண்டி வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம், பெரும்பாலும் வரும். டெலிவரி எடுக்கப் போவதற்கு முன் போன் செய்து ‘வாட்டர் வாஷ் வேண்டாம்’ என்று சொல்லிவிடுங்கள். சிரிப்பார்கள், பரவாயில்லை. பளபளவென்று கழுவிய இன்ஜினில் கசிவு தெரியாது. பகல் வெளிச்சத்தில் எடுங்கள். பழைய கேஸ்கெட் வாரண்டியில் கம்பெனிக்குப் போய்விடும். காசு கொடுத்து மாற்றிய கிளட்ச் பிளேட் உங்களுடையது, கேட்டு வாங்குங்கள். அதைத் தொட்டுப் பார்த்தாலே தேய்ந்ததா கருகியதா என்று தெரியும். மெக்கானிக்கைப் பின்னால் உட்காரவைத்து ஒரு ரவுண்டு ஓட்டுங்கள். சர்வீஸ் அட்வைசர் வேண்டாம், கை வைத்த ஆளே வரட்டும். ‘தம்பி, ஆக்ஸில் நட், ஹேண்டில்பார், இன்ஜின் போல்ட் எல்லாம் ஒரு தடவை கண்ணு முன்னாடி டைட் பண்ணிக் காட்டிடு’ என்று சொல்லி, முடிந்ததும் ஒரு டீக்குக் காசு கொடுங்கள். ஒரு மாதம் நின்ற வண்டி என்பதால் பேட்டரியையும் டெஸ்டரில் பார்க்கச் சொல்லுங்கள்.

அங்கே இருக்கும்போதே ஒரு புதுக் கிளட்ச் கேபிள் வாங்கி, ஓடுகிற கேபிளுக்குப் பக்கத்திலேயே சேர்த்து ஓட்டி டேக் போட்டுக் கட்டச் சொல்லுங்கள். வழியில் வரும் பாரலாச்சா கணவாய்க் குளிரில் கேபிள் அறுந்தால் டேங்கைக் கழற்றாமல் இரண்டு முனையை மட்டும் மாற்றிக்கொண்டு கிளம்பலாம்.

மறுநாள் காலை வீட்டில் சிலிண்டரைத் துணியால் நன்றாகத் துடைத்து, ஹெட் சேரும் இடத்தைச் சுற்றி டால்கம் பவுடரைத் தூவுங்கள். எந்தப் பவுடரானாலும் சரி. அப்படியே கொல்லிமலைக்கு விடுங்கள். போய்வர 200 கிலோமீட்டருக்கு மேல் ஆகும், காரவள்ளியிலிருந்து 70 கொண்டை ஊசி வளைவு. லேக்குக் கொண்டுபோகும் மூட்டை முடிச்செல்லாம் கட்டிக்கொண்டே போங்கள். ஏறும்போது மூன்றாவது கியரில் ஆக்ஸிலரேட்டரைத் திறந்து பாருங்கள். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாவிட்டால் கிளட்ச் இன்னும் சரியாகவில்லை. மேலே செம்மேட்டில் நிறுத்தி டீ குடித்துவிட்டு, இன்ஜின் கொஞ்சம் ஆறியதும் குனிந்து பவுடரைப் பாருங்கள். எங்கே கசிகிறதோ அங்கே வெள்ளையில் கறுப்பாக ஒரு கோடு இறங்கியிருக்கும். கோடு இருந்தால் அதே கோலத்தோடு போட்டோ எடுத்து, மறுநாள் காலை அந்த ஷோரூம் வாசலில் நில்லுங்கள், கையில் இன்னும் ஒரு வாரத்துக்கு மேல் இருக்கிறது. வெள்ளை வெள்ளையாகவே இருந்தால் கீழே இறங்கியதும் பார்சல் ஆபீஸுக்கு எத்தனை மணிக்கு வரவேண்டும் என்று விசாரித்துவிடுங்கள்.